பஞ்சு கழன்றால், பிளேடு கிழித்தால், ஊசி அடைத்தால்: கலைப்பொருள் பாதுகாப்பாளர் மேசையில் வரும் கோளாறுகள்

கலைப்பொருள் பாதுகாப்பாளரின் மேசையில் அவருக்கென்றே செய்த கருவிகள் குறைவு. ஸ்கால்பெல் என்ற அறுவைக் கத்தியும் சிரிஞ்சும் மருந்துக் கடையிலிருந்து வருகின்றன. மெழுகு செதுக்கி பல் மருத்துவரிடமிருந்தும், தாளை மடித்து அழுத்தும் எலும்புத் தகடான போன் ஃபோல்டர் பைண்டிங் பட்டறையிலிருந்தும், காற்றுக் குழாய் மீன்தொட்டிக் கடையிலிருந்தும் வந்து சேரும். வேறு வேலைக்குப் பிறந்த கருவிகள் என்பதால் அவற்றை அப்படியே பொருள்மேல் வைத்தால் ஏதாவது ஒரு கோளாறு வரத்தான் செய்யும். வந்ததும் "கை சரியில்லை" என்று முடிவுகட்டிவிடுகிறோம். அதற்கு முன் கருவியில் பார்க்க வேண்டியவை முனை, ஈரம், சூடு. பெரும்பாலான கோளாறுகள் இம்மூன்றுக்குள் அடங்கிவிடும்.

எந்த அறிகுறி தெரிந்தாலும் முதலில் கையை எடுத்துவிடுங்கள். கருவியை மாற்றியபின் அதே இடத்தில் தொடர வேண்டாம். அதே வகைக் கழிவுத் துண்டு ஒன்றில் சோதித்துவிட்டுத் திரும்புங்கள்.

குச்சியிலிருந்து பஞ்சு கழன்று வருகிறது

குச்சி வழுவழுப்பாக இருக்கும், அல்லது பஞ்சைக் கட்டியாக வைத்துச் சுற்றியிருப்பீர்கள். கடையில் கிடைக்கும் மூங்கில் குச்சி சில சமயம் மெருகேற்றியே வரும். நுனியில் 1 செ.மீ. நீளத்துக்கு 220 எண் உப்புத்தாளால் குறுக்காகத் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். மருத்துவப் பஞ்சில் பட்டாணி அளவு பிய்த்து, ஒளி தெரியும் அளவுக்கு மெல்லியதாக விரியுங்கள். நுனியை லேசாக ஈரமாக்கி, பஞ்சின் ஓரத்தில் வைத்து, இடக்கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பஞ்சைப் பிடித்திருக்க, வலக்கையால் குச்சியை மட்டும் உருட்டுங்கள். நுனிக்கு அப்பால் 3 மி.மீ. பஞ்சு நீண்டிருக்கட்டும். இல்லாவிட்டால் இரண்டு உருட்டில் மரம் வெளியே வந்து ஓவியத்தைக் கீறும்.

வேலை செய்யும்போதும் சுற்றிய திசையிலேயே உருட்ட வேண்டும். எதிர்த்திசையில் உருட்டினால் எவ்வளவு நன்றாகச் சுற்றியிருந்தாலும் அவிழும். தேய்க்கவே கூடாது. அழுக்கிலுள்ள மணல் துகள் பஞ்சில் மாட்டிக்கொண்டு உப்புத்தாளின் வேலையைச் செய்யும்.

காது குடையும் குச்சியை வாங்கி நேரம் மிச்சப்படுத்தலாம் என்று தோன்றும். தண்ணீர் வேலைக்குச் சரி. அசிட்டோன், எத்தனால் என்று வந்துவிட்டால் வேண்டாம். பஞ்சைப் பிடித்திருக்கும் பசை கரைந்து ஓவியத்தில் இறங்கும்.

பஞ்சு பட்ட இடத்தைச் சுற்றி வளையம் விழுகிறது

ஈரம் அதிகம். நனைத்த பஞ்சை நேராக ஓவியத்துக்குக் கொண்டுபோகாமல், ஒற்றுத்தாளில் ஒருமுறை உருட்டி எடுங்கள். உருட்டிய தடம் தாளில் உடனே பரவினால் இன்னும் ஈரம் மிகுதி என்று பொருள். ஒருமுறைக்கு 2 செ.மீ. சதுரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரிய பரப்பென்றால் ஓரம் காய்ந்து கோடாகிவிடும்.

எச்சில் தொட்டுச் சுத்தம் செய்வது பழைய வழக்கம்தான் என்றாலும் வேலை செய்யும் வழக்கம். எச்சிலிலுள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுப் பசையையும் சில வகை அழுக்கையும் உடைக்கிறது. முடித்தபின் காய்ச்சி வடித்த நீர் தொட்ட பஞ்சால் அந்த இடத்தை உருட்டி எடுத்துவிட வேண்டும். ஓவியத்தில் பட்ட பஞ்சு திரும்ப வாய்க்குப் போகவே கூடாது. பழைய வண்ணங்களில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் எல்லாம் உண்டு.

பஞ்சில் நிறம் ஏறினால் பழுப்பும் சாம்பலும் பெரும்பாலும் அழுக்கு அல்லது வார்னிஷ். சிவப்போ பச்சையோ நீலமோ வந்தால் அது ஓவியம், நிறுத்துங்கள். தஞ்சாவூர் ஓவியத்தில் தங்கத் தாள் ஒட்டிய மேடான பகுதிக்குத் தண்ணீர்ப் பஞ்சு ஆகவே ஆகாது. அடியில் இருப்பது சுண்ணப் பொடியும் பசையும். ஈரம் இறங்கினால் மேலே தாளும் கீழே மேடும் சேர்ந்து குழையும்.

ஸ்கால்பெல் பசையை எடுக்காமல் தாளைக் கிழிக்கிறது

முதலில் பிளேடு எண்ணைப் பாருங்கள். 11 எண் பிளேடு கூர்முனை கொண்டது, வெட்டுவதற்கு ஏற்றது. சுரண்டுவதற்கு வளைந்த விளிம்புள்ள 15 அல்லது 10 வேண்டும். இவை 3 எண் கைப்பிடியில் பொருந்தும். 20 முதல் 25 வரையான பெரிய பிளேடுகளுக்கு 4 எண் கைப்பிடி. மாற்றிப் பொருத்தினால் பிளேடு ஆடும், ஆடும் பிளேடு தாளுக்குள் இறங்கும்.

எண் சரியாக இருந்தும் கிழிந்தால் கோணத்தைப் பாருங்கள். பிளேடு ஏறக்குறைய தாளோடு தாளாகப் படுத்திருக்க வேண்டும். விளிம்பின் நடுவயிறு மட்டும் பட வேண்டும், நுனி படக் கூடாது. புதுப் பிளேடின் நுனி மாட்டிக்கொண்டே இருந்தால், மிக நுண்ணிய சாணைக்கல்லில் நுனியை மட்டும் இரண்டு முறை தொட்டு மழுக்குங்கள்.

அடுத்தது ஈரம். பசையை இளக்க நீராவியோ ஈரமோ கொடுத்திருந்தால் தாளும் சேர்ந்து இளகியிருக்கும். நனைந்த நார் பிளேடுக்கு உடனே வழிவிட்டுவிடும். இளகிய பசைக்கு ஸ்கால்பெல்லை வைத்துவிட்டு மழுங்கிய மைக்ரோ ஸ்பேட்டுலாவை (தட்டை முனையுள்ள சிறு கரண்டி) எடுங்கள். ஸ்கால்பெல் காய்ந்த, மொறுமொறுப்பான பசைக்கு மட்டும்.

பிளேடில் பிசின் படிந்திருந்தாலும் இழுக்கும். சில நிமிடத்துக்கு ஒருமுறை எத்தனால் தொட்ட துணியால், முதுகுப் பக்கமிருந்து விளிம்பு நோக்கித் துடையுங்கள். பிரித்த புதுப் பிளேடையும் ஒருமுறை துடைப்பது நல்லது. துருப்பிடிக்காமலிருக்கத் தடவிய மெல்லிய படலம் இருக்கலாம். கார்பன் எஃகுப் பிளேடு கூர்மையில் மேல், ஆனால் சென்னை போன்ற கடலோர ஈரத்தில் ஒரே இரவில் துருவேறும். ஈரத் தாள்மேல் அதை வைத்து எடுத்தால் செம்புள்ளி விழும், அது லேசில் போகாது. ஈரவேலைக்குத் துருப்பிடிக்காத எஃகுப் பிளேடே சரி.

பிளேடைக் கழற்ற விரலை நம்ப வேண்டாம். ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் என்ற மருத்துவ இடுக்கியால் பிடித்து, உங்களுக்கு எதிர்ப்புறமாகத் தள்ளுங்கள்.

உலோகத்தில் கீறல் விழுகிறது

கருவி அழுக்கைவிடக் கடினமாகவும் பொருளைவிட மென்மையாகவும் இருக்க வேண்டும் என்பதே கணக்கு. கடினத்தை எண்ணால் சொல்லும் மோஸ் அளவுகோலில் விரல் நகம் 2.5. தங்கமும் வெள்ளியும் 2.5 முதல் 3. செம்பு 3. செப்புப் பொருள்மேல் பச்சையாகப் படியும் மலகைட் 3.5 முதல் 4. கண்ணாடி 5.5. எஃகு அதற்குப் பக்கத்தில் அல்லது மேலே. எஃகு முனை மலகைட்டை எளிதாக எடுக்கும், அதே எளிமையோடு அடியிலிருக்கும் செம்பையும் உழும். பொன்முலாம் பூசிய இடத்தில் எஃகுக்கு வேலையே இல்லை.

ஆகவே படிவு எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். வழிபாட்டில் இருந்த செப்புத் திருமேனிகளில் மேலே இருப்பது பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கு, சந்தனம், விபூதி, கற்பூரப் புகை. இவை எல்லாம் மூங்கிலைவிட மென்மையானவை. மூங்கில் ஸ்பேட்டுலாவும் எத்தனால் தொட்ட பஞ்சுமே போதும். புளி போட்டுத் துலக்கும் பழக்கத்தை இதோடு சேர்க்க வேண்டாம். புளியின் அமிலம் பளபளப்பைக் கொடுப்பதே மேலே உருவான காப்புப் படலத்தைக் கரைத்துத்தான்.

மூங்கிலுக்கு மசியாத படிவுக்கு எஃகு முனை தேவைப்படும். அப்போது நுனியைச் செங்குத்தாக வைத்துப் படிவை அழுத்தி உடைக்க வேண்டும், உலோகத்தின்மேல் இழுக்கக் கூடாது. இதைத் தலை உருப்பெருக்கியோ நுண்ணோக்கியோ இல்லாமல் செய்யாதீர்கள்.

கண்ணாடி இழைத் தூரிகை விரைவாக வேலை செய்வதுபோலத் தெரியும். அதன் இழை பொடிந்து குழிகளில் தங்கும், விரலிலும் ஏறும். செதுக்கு வேலை நிறைந்த சிற்பத்தில் அதைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். வெளிநாட்டுக் குறிப்புகளில் முள்ளம்பன்றி முள்ளைப் பரிந்துரைப்பார்கள். நல்ல கருவிதான், ஆனால் இங்கே முள்ளம்பன்றி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் விலங்கு. அந்த வேலையை நன்றாகச் சீவிய மூங்கில் முனை செய்துவிடும்.

சுத்தம் செய்த இடத்தில் வெளிர்பச்சைத் தூள் சில நாளில் மறுபடி பூத்தால் அது கருவியின் கோளாறு அல்ல. உள்ளே குளோரைடு இருக்கிறது. எத்தனை முறை சுரண்டினாலும் பூக்கும். பொருளை உலர்ந்த சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில் வைத்து, வேதியியல் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும்.

மூங்கில் ஸ்பேட்டுலா நார் நாராகப் பிரிகிறது

இது செய்முறையில் வரும் பிழை. மூங்கிலின் பலம் வெளித்தோலை ஒட்டிய 1, 2 மி.மீ. பகுதியில்தான் இருக்கிறது. உட்பக்கம் பஞ்சு போன்றது. முனை உட்பக்கத்தில் அமைந்துவிட்டால் எவ்வளவு தீட்டினாலும் நார் எழும்பும்.

முற்றி நன்றாக உலர்ந்த மூங்கிலை, கணு இல்லாத இடத்தில் 12 மி.மீ. அகலம், 18 செ.மீ. நீளத்துக்குப் பிளந்துகொள்ளுங்கள். தோல் பக்கத்தைத் தட்டையாக வைத்துக்கொண்டு, உட்பக்கத்தை மட்டும் கத்தியால் சீவி இறக்குங்கள். நுனியில் தோல் பகுதி மட்டும் அரை மி.மீ. அளவுக்கு மிஞ்ச வேண்டும். கத்தி எப்போதும் கைப்பிடியிலிருந்து நுனி நோக்கியே போகட்டும். நுனியை நாக்கு வடிவில் வளைத்து, 220, 400, 600, 1000 என்று உப்புத்தாள் ஏற்றி, கடைசியில் ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேய்த்தால் பளிங்குபோல் ஆகும். எண்ணெயோ வார்னிஷோ பூசாதீர்கள். தாளில் பட்டால் எண்ணெய் நிற்கும்.

சரிபார்க்க ஒரு வழி: நைலான் காலுறை ஒன்றைக் கையில் இழுத்துப் பிடித்து, நுனியையும் விளிம்பையும் அதன்மேல் ஓட்டுங்கள். எங்காவது இழை மாட்டினால் திரும்ப 600இலிருந்து தொடங்குங்கள். ஈரவேலைக்குப் பின் நார் எழும்புவது இயல்பு. நன்றாகக் காயவிட்டு 1000 எண் தாளால் ஒருமுறை தொட்டால் படிந்துவிடும்.

ஒட்டிய ஓலைகளைப் பிரிக்கும்போது ஓலையே உரிகிறது

நுனி கூராக இருக்கிறது. இரண்டு ஓலைக்கு நடுவே போக வேண்டிய முனை, ஓர் ஓலையின் தடிப்புக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. நாக்கு வடிவ மழுங்கல் முனையை, அதையும் சுவடியின் தளத்துக்கு இணையாகப் படுக்கவைத்து நுழையவிடுங்கள். கைப்பிடியைத் தூக்கி நெம்பினால் ஓலை நரம்போடு பிளக்கும். முனையைப் பக்கவாட்டில் சிறு அசைவாக நகர்த்துவது மட்டுமே வேலை.

ஏற்கெனவே இடைவெளி தெரியும் ஓரத்திலிருந்து தொடங்குங்கள். கயிற்றுத் துளையிலிருந்து வேண்டாம், அந்த இடம் ஏற்கெனவே நைந்திருக்கும். பிரிந்த வரைக்கும் 50 மைக்ரான் பாலியஸ்டர் படலத் துண்டைச் செருகி வைத்தால் மறுபடி ஒட்டாது. பின்னர் அந்தப் படலமே வழிகாட்டும் கருவியாகிவிடும். பிரியாத இடம் வந்தால் சுவடியை மூடிய பெட்டியில் வைத்து ஈரப்பதம் கொடுத்து, பூஞ்சை வராமல் கவனித்துக்கொண்டு, இளகியபின் தொடருங்கள்.

ஓலையைத் துடைக்கும்போது பஞ்சிழை ஓரத்தில் மாட்டுகிறதென்றால் பஞ்சை விட்டுவிடுங்கள். பலமுறை துவைத்துக் கஞ்சி போன பழைய மல் துணியைக் குச்சியில் சுற்றுங்கள். எத்தனாலும் நீரும் சமபங்கு கலந்து, நரம்பின் நீளவாக்கில் மட்டும் போகலாம். எழுத்தாணியால் கீறி மை ஏற்றிய எழுத்து பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். துணி கறுத்துக்கொண்டே போய், எழுத்து வெளுத்தால் நிறுத்துங்கள். தூரிகையால் மேலே எழுதிய ஓலைக்கு ஈரமே கூடாது.

மடித்த இடத்தில் தாள் பளபளக்கிறது

போன் ஃபோல்டர் நாரை அழுத்தி மெருகேற்றிவிட்டது. இது திரும்ப வராது. இனி வராமலிருக்க, நடுவே ஒரு மெல்லிய தாளை வைத்து அதன்மேல் தேயுங்கள், அல்லது டெஃப்லான் ஃபோல்டர் வாங்குங்கள். டெஃப்லான் பளபளப்பு விடாது, ஆனால் மென்மையானது. விளிம்பு சீக்கிரம் நசுங்கும். கூரான கத்தியால் சீவிச் சரிசெய்யலாம்.

எலும்பை உங்கள் கைக்கேற்ப மறுவடிவம் கொடுக்க விரும்பினால் நீர் தொட்ட உப்புத்தாளில், முகக்கவசம் அணிந்து செய்யுங்கள். எலும்புத் தூள் நுரையீரலுக்கு நல்லதல்ல. தாளில் மங்கலான எண்ணெய்த் தடம் விழுந்தால், அந்த ஃபோல்டரை யாரோ எண்ணெயில் ஊறவைத்து விற்றிருக்கிறார்கள். அதை அட்டை வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

சூட்டு ஸ்பேட்டுலா: பிடிக்கவில்லை, அல்லது பளபளப்பும் தட்டையும்

சூடான நுனியால் பசையை இளக்கி ஒட்டும் கருவி இது. ஒட்டு பிடிக்காததும் பளபளப்பு விழுவதும் ஒரே காரணத்தின் இரு பக்கம். திருகில் எழுதிய எண்ணும் நுனியின் சூடும் ஒன்றல்ல. பத்து, இருபது டிகிரி தள்ளியிருப்பது சாதாரணம். மல்டிமீட்டரோடு வரும் கே வகை வெப்ப உணரியின் முனையை, நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே சிலிக்கோன் தாளுக்கு (பசை ஒட்டாத தாள்) அடியில் ஒட்டி, நுனியை வைத்து 10 விநாடி பொறுத்து அளவு எடுங்கள். பேவா 371 என்ற சூட்டில் ஒட்டும் பசை ஏறக்குறைய 65 டிகிரி செல்சியஸில் வேலை செய்யத் தொடங்கும். தாளுக்கு மேலே அல்ல, பசை இருக்கும் இடத்தில் அந்தச் சூடு வேண்டும்.

சால்டரிங் அயர்னில் பித்தளை நுனி செய்து பொருத்தி, ரெகுலேட்டரோடு இணைத்துப் பயன்படுத்துவோர் உண்டு. அதன் குறை, சூட்டை அது தானே அளந்து நிறுத்தாது. தாங்கியில் சும்மா இருக்கும்போது ஏறிக்கொண்டே போகும். அதனால் முதல் தொடுகைதான் ஆபத்து. ஒவ்வொரு முறையும் ஒற்றுத்தாளில் அழுத்தி, தாள் பழுக்காததைப் பார்த்தபின்னரே பொருளுக்குக் கொண்டுபோங்கள். எர்த் கம்பி இல்லாத அயர்னை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம்.

பிடிக்கவில்லை என்றால் சூட்டைக் கூட்டும் முன் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். எடுத்த உடனே குளிர்ந்த எடையை வைத்து ஆறவிட வேண்டும். சூட்டில் ஒட்டியது ஆறும்போதுதான் பிடிக்கும். பளபளப்பு விழுந்தால் நடுவே வைத்த படலத்தை மாற்றுங்கள். பசை, தன்மேல் இருந்த பரப்பையே நகலெடுக்கும். சிலிக்கோன் பூசிய பாலியஸ்டர் படலம் மினுக்கும், சிலிக்கோன் தாள் மங்கலாக விடும். பேக்கரியில் கிடைக்கும் பட்டர் பேப்பரை நம்பும் முன் நகத்தால் சுரண்டுங்கள். மெழுகு வந்தால் அது வேறு சரக்கு, சூட்டில் உருகி ஓவியத்தில் ஏறும். தடித்த வண்ணப்பூச்சு தட்டையானால் சூடும் அழுத்தமும் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன. நுனியின் சொந்த எடைக்கு மேல் அழுத்தம் தேவையில்லை.

ஊசி அடைக்கிறது, செதில் எழும்புகிறது

கழன்ற வண்ணச் செதிலை ஒட்ட ஊசியால் விடும் பசை மீன் பசையோ ஜெலட்டினோ என்றால் அடைப்புக்குக் குளிரூட்டிய அறைதான் காரணம். இவை ஆறும்போது கூழாகும். ஜெலட்டின் ஏறக்குறைய 30 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும், மெல்லிய ஊசிக்குள் அது நொடிகளில் நடக்கும். 2, 3 சதவீதக் கரைசலாக, 40 முதல் 45 டிகிரி வெந்நீர்க் குளியலில் சிரிஞ்சையே ஊசியோடு நிறுத்தி வையுங்கள். அக்ரிலிக் பசையென்றால் ஊசி நுனியில் காய்ந்திருக்கும். வேலை இடைவெளியில் நுனியை ஈரப் பஞ்சில் குத்தி வையுங்கள்.

கோதுமை மாவுப் பசைக்கு 18 கேஜைவிட மெல்லிய ஊசிக்குப் போகாதீர்கள், அதுவும் இரண்டு முறை சல்லடையில் தேய்த்து வடித்தபின். அது மாவுச்சத்திலிருந்து காய்ச்சிய பசையாக இருக்க வேண்டும். மைதாவில் புரதம் இருக்கிறது, அது கட்டிபடும், நாளடைவில் பழுக்கும், ராமபாணப் பூச்சியையும் விருந்துக்கு அழைக்கும்.

ஊசியின் சாய்வு முனை செதிலுக்கு அடியில் நெம்புகோலாகிவிடுகிறது. நுண்ணிய எமரித் தாளில் செங்குத்தாகத் தேய்த்து முனையைத் தட்டையாக்கி, துளையில் மாட்டிய தூளை நீர் பாய்ச்சி வெளியேற்றுங்கள். செதில் அப்போதும் எழும்பினால் பசை உள்ளே பாயாமல் கீழே குமிழாக நிற்கிறது. முதலில் சமபங்கு எத்தனாலும் நீரும் ஒரு சொட்டு விட்டு வழி செய்துகொடுங்கள்.

தூரிகை முடி உதிர்கிறது

புது ஆட்டுமுடித் தூரிகை என்றால் உதிரும். நனைத்துச் சீப்பால் சீவி, முடி கைப்பிடியில் நுழையும் வரியில் நீர்த்த பசை ஒரு கோடு விட்டுக் காயவையுங்கள். பழைய தூரிகை திடீரென்று உதிர்த்தால் வேர்ப்பகுதியில் மாவுப் பசை தங்கிப் பூச்சி அரித்திருக்கும். முடி கீழே தொங்கும்படி கட்டி உலர்த்துங்கள்.

உறிஞ்சி செதிலையும் சேர்த்து இழுக்கிறது

தூசி உறிஞ்சியின் முனையில் நைலான் வலை கட்டுங்கள். மீன்தொட்டிக் குழாயைப் பொருத்திச் சிறு முனை செய்திருந்தால், குழாயின் பக்கவாட்டில் 5 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். விரலால் மூடினால் இழுவை கூடும், திறந்தால் உடனே விட்டுவிடும். முனையைப் பரப்பிலிருந்து 1, 2 செ.மீ. தள்ளிப் பிடித்து, மென்தூரிகையால் தூசியை அதை நோக்கித் தள்ளுங்கள். முனை பொருளைத் தொடவே வேண்டியதில்லை. பூஞ்சைத் தூசிக்கு, நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி இல்லாத உறிஞ்சி வேண்டாம், மறுபுறம் வழியாக அறை முழுவதும் ஊதிவிடும்.

எடைகளில் வெள்ளைத் தூள் படிகிறது

ஈயக் குண்டு நிரப்பிய பைகளிலும் ஈயக் கட்டிகளிலும் இது வரும். மர அலமாரி, பிளைவுட் இழுப்பறை ஆகியவற்றிலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தைத் தாக்கி வெள்ளைக் கார்பனேட்டாக்குகிறது. அது நச்சு. ஊதவோ துடைப்பத்தால் தட்டவோ கூடாது. கையுறையும் முகக்கவசமும் அணிந்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அபாயக் கழிவாக ஒதுக்குங்கள். துணிப் பைக்குள்ளிருந்து தூள் கசிகிறதென்றால் பையைப் பிரிக்காமல் முழுதாகவே அனுப்பிவிடுங்கள். அதற்கு மாற்றாகத் துருப்பிடிக்காத எஃகு நட்டுகளை இறுகிய நெசவுப் பருத்தித் துணியில் தைத்துக்கொள்ளலாம். சிறு வேலைக்கு, அடியில் ஃபெல்ட் ஒட்டிய கண்ணாடிக் குப்பியில் எஃகுக் குண்டு நிரப்பினால் 200 கிராம் வரை வரும். மூடியைச் சுற்றி ஒட்டுநாடா போட்டுவிடுங்கள். கவிழ்ந்தால் குண்டு ஓவியத்தின்மேல்தான் ஓடும்.